கட்டணப் பட்டியலுக்குள் வாராத கட்டணம்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவந்த மறுநாளே கல்லூரி வழிகாட்டிக் கையேடுகளும் நாளிதழ்களின் கல்விப் பக்கங்களும் தத்தம் பட்டியல்களை விரிக்கத் தொடங்கிவிடுகின்றன. எந்தக் கல்லூரியில் எந்தப் படிப்பு, ஆண்டுக்கு எத்துணைக் கட்டணம், எது மலிவு, எது விலைமிக்கது என்று கட்டங்கட்டிக் காட்டும் அப் பட்டியல்களில் இளநிலைக் குமுகாயப் பணிப் படிப்பும் இடம்பெற்று வருகிறது. ‘சமூகப் பணி’ எனப் பலராலும் வழங்கப்பெறும் படிப்பே அது. ஏழை எளியவர், கைவிடப்பட்ட குழந்தைகள், மனநோயுற்றோர், குடிநோய்க்கு ஆட்பட்டோர், முதியோர் ஆகியோர்க்குத் துணைநிற்கும் தொழிலுக்கு ஆள் உருவாக்குவது அப் படிப்பின் நோக்கம். ஏழைக்குத் தொண்டு செய்யக் கற்பிக்கும் அப் படிப்பை ஏழை வீட்டுப் பிள்ளை கற்க இயலுமா என்பதே முதலில் எழ வேண்டிய வினா. பட்டியல் போடுவோர் அவ் வினாவைக் கேட்பதில்லை. கல்லூரி அலுவலகத்தில் கட்டும் தொகையை மட்டும் ஒப்பிட்டு, ‘இது மலிவு’ என்று கைகாட்டி ஒதுங்கிவிடுகின்றனர்.

அக் கைகாட்டல் ஏமாற்று. குமுகாயப் பணிப் படிப்புக்கு மூன்று விலைகள் உண்டு. ஒன்று கல்லூரிக்குக் கட்டும் விலை. மற்றொன்று களத்தில் கொடுக்கும் விலை. மூன்றாவது மொழிக்குக் கொடுக்கும் விலை. பட்டியலில் வருவது முதலாவது மட்டுமே. ஏழைத் தமிழ் மாணவனை வாயிலிலேயே தடுத்து நிறுத்துவன பின்னிரண்டுமே.

வேர் எங்கே ஊன்றியது?

இப் படிப்பு இந்நாட்டில் முளைத்த வரலாற்றை அறிந்தால் இந் நிலையின் காரணம் விளங்கும். 1936ஆம் ஆண்டு பம்பாயில் சர் தோராப்சி தாட்டா பெயரால் குமுகாயப் பணிக்கான மேல்நிலைப் பள்ளியொன்று நிறுவப்பெற்றது. கிளிபர்டு மான்சார்ட்டு என்னும் அமெரிக்கச் சமயப் பணியாளர் அதன் முதல் இயக்குநர். 1944இல் அது தாட்டா குமுக அறிவியல் நிறுவனம் எனப் பெயர் மாறியது. சென்னையில் மேரி கிளப்வாலா சாதவ் அம்மையாரின் முயற்சியால் 1952இல் குமுகாயப் பணிப் பள்ளி தோன்றியது. அவர்கள் ஆற்றிய தொண்டு பெரிது; அதனைக் குறைத்து மதிப்பிடுவார் நன்றி மறந்தோராவர். ஆயினும் அக்காலத்துப் பாடமும் நூலும் மொழியும் அமெரிக்காவிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் வந்தன. முன்னரே ஒரு பட்டம் பெற்று, ஆங்கிலத்தில் தேர்ந்து, மேலும் ஈராண்டு கற்க வசதி படைத்தோர்க்கென்றே அது தொடங்கப்பெற்றது. பின்னர் அதனை இளநிலைப் படிப்பாகவும் ஆக்கினர். ஆனால் வசதி படைத்தோர்க்கென வகுத்த அளவுகோலை மாற்றவில்லை. பெரியவனுக்குத் தைத்த சட்டையைச் சிறுவனுக்கு மாட்டிவிட்டு, ‘உனக்குத்தான் உடம்பு போதவில்லை’ என்று பழிப்பது போன்றதே இது.

பிறநாடுகள் ஒப்பிடும் முறை

பிறநாடுகளில் இப் படிப்பின் விலை எவ்வாறு கணக்கிடப்படுகிறது என்பதையும் காண்போர்க்குச் சில உண்மைகள் புலப்படும்.

இங்கிலாந்தில் 1998இல் பல்கலைக்கழகக் கட்டணம் ஆண்டுக்கு 1,000 பவுண் என நுழைந்தது. 2006இல் அதன் மேல்வரம்பு 3,000 ஆயிற்று. 2012இல் 9,000 ஆயிற்று. 2017இல் 9,250 ஆயிற்று. 2025இல் 9,535 ஆயிற்று. கால்வைக்க இடம் பெற்ற கட்டணம் கால் நூற்றாண்டுக்குள் ஒன்பது மடங்குக்கு மேல் வளர்ந்துவிட்டது. குமுகாயப் பணியாளராக விரும்பும் மாணவர் அதற்கு மேல் 200 நாள் நடைமுறைப் பயிற்சியும் பெற்றாக வேண்டும். ஆனால் அதே அரசுக்குட்பட்ட இசுக்காட்டுலாந்தில், அந் நாட்டில் வாழும் மாணவர்க்கு முதற்பட்டக் கட்டணத்தை அரசே செலுத்துகிறது. எல்லைக்கோட்டின் இப்பால் கடன், அப்பால் கடனில்லை. ஆகவே கட்டணம் என்பது வானத்திலிருந்து விழும் மழையன்று. ஆட்சியாளர் எடுக்கும் முடிவு.

செருமனியிலும் ஒருகால் கட்டணம் தலைதூக்கியது. 2005இல் அந் நாட்டு அரசியற்சட்ட நயன்மன்றம் அளித்த தீர்ப்பினால் வழிதிறந்து, பல மாநிலங்கள் கட்டணம் தண்டத் தொடங்கின. மாணவரும் பெற்றோரும் எதிர்த்தனர். மாநிலங்கள் ஒவ்வொன்றாகப் பின்வாங்க, கடைசியாக 2014இல் கீழ்ச் சாக்சனி மாநிலமும் அதனைக் கைவிட்டது. இன்று அந் நாட்டு மாணவர் அரசுக் கல்லூரிகளில் குமுகாயப் பணியைக் கல்விக் கட்டணமின்றிக் கற்கின்றனர். தம் தாய்மொழியாம் செருமானியத்திலேயே கற்கின்றனர்.

அமெரிக்காவிலோ ஒரே பல்கலைக்கழகம் தன் மாநிலத்து மாணவர்க்கு ஒரு கட்டணமும் வெளிமாநிலத்து மாணவர்க்கு அதனினும் மிக்க கட்டணமும் வாங்குகிறது. அங்குக் குமுகாயப் பணிக் கல்வி மன்றம் என 1952இல் தோன்றிய அமைப்பு கல்லூரிகட்கு ஏற்பளிக்கிறது. ஏற்புப்பெற்ற இளநிலைப் படிப்பில் குறைந்தது 400 மணிநேரக் களப்பயிற்சி இருந்தாக வேண்டும். அப் பட்டம் பெற்றவரை முதுநிலைப் படிப்பின் முற்பகுதியைக் கடந்தவராகவே பல பல்கலைக்கழகங்கள் கொள்வதால், இரண்டாண்டுப் படிப்பை ஏறத்தாழ ஓராண்டில் முடிக்கலாம். எனவே ஏற்பில்லாத கல்லூரியில் குறைந்த கட்டணம் கட்டுவோர் முடிவில் கூடுதலாகவே இழக்கின்றனர். பட்டியலில் மலிவாகத் தோன்றுவது வாழ்வில் மலிவாக இருப்பதில்லை என்பதற்கு இதுவே சான்று.

ஆத்திரேலியா செய்தது இன்னும் கருதத்தக்கது. அங்குக் குமுகாயப் பணி மாணவர் 1,000 மணிநேரம் களப்பயிற்சி பெற வேண்டும். ஊதியமில்லாத அப் பயிற்சியால் வேலையை விட்டு, வாடகை கட்டவும் வழியின்றிப் படிப்பையே கைவிடும் மாணவர் பெருகினர். 2024ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அந் நாட்டு அரசு இதற்கு விடை கண்டது. ஆசிரியப் பயிற்சி, செவிலியம், பேறுகாலப் பணி, குமுகாயப் பணி ஆகியவற்றைக் கற்கும் மாணவருள் தேவையுடையோர்க்குப் பயிற்சிக் காலத்தில் கிழமைக்கு 319.50 ஆத்திரேலிய வெள்ளி வழங்குவதாக அறிவித்தது. 2025 சூலை முதல் நாளிலிருந்து அஃது, விலைவாசிக்கேற்ப உயர்த்தப்பெற்று, நடைமுறைக்கு வந்தது. களப்பயிற்சியும் கட்டணமே என்பதை ஓர் அரசு ஒப்புக்கொண்டது என்பதே இதன் பொருள்.

தமிழ்நாட்டின் இரு கதவுகள்

இனித் தமிழ்நாட்டுக்கு வருவோர் காண்பது என்ன? அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் இளநிலை மாணவர்க்குக் கற்பிப்புக் கட்டணம் 2007–08 கல்வியாண்டு முதல் நீக்கப்பெற்றது. அரசு உதவிபெறும் கல்லூரிகளின் உதவிபெறும் பாடப்பிரிவுகளுக்கும் அச் சலுகை உண்டு. தமிழ்நாடு பெருமைப்படத்தக்க நடவடிக்கை இது. வரலாறு, பொருளியல், தமிழிலக்கியம் கற்க வரும் உழவன் மகனுக்கும் கூலித் தொழிலாளி மகளுக்கும் அக் கதவு திறந்தே இருக்கிறது.

குமுகாயப் பணி கற்க வருவோர்க்கோ அக் கதவு பெரும்பாலும் இல்லை. அரசு கலைக் கல்லூரிகளுள் இதனை இளநிலையில் நடத்துவன அரியன. இடங்களிற் பெரும்பாலானவை தன்நிதிக் கல்லூரிகளிலும், உதவிபெறும் கல்லூரிகளின் தன்நிதிப் பிரிவுகளிலுமே உள்ளன. ஒரே வளாகம், ஒரே நூலகம், ஒரே மரநிழல். ஆனால் முற்பகல் வகுப்பில் வரலாறு கற்கும் மாணவி கட்டாத கட்டணத்தைப் பிற்பகல் வகுப்பில் குமுகாயப் பணி கற்கும் மாணவி கட்டுகிறாள்.

இப் படிப்புக்கு விலையுயர்ந்த பொறிகள் வேண்டுமா? ஆய்வகக் குடுவைகள் வேண்டுமா? ஒன்றும் வேண்டா. நல்லாசிரியர் சிலர், நூலகம் ஒன்று, பணி செய்யக் களம் ஆகியவை போதும். களத்துக்குத் தமிழ்நாட்டில் பஞ்சமில்லை. செலவு குறைந்த ஒரு படிப்பு விலை கூடிய பிரிவில் வைக்கப்பெற்றிருப்பதற்குக் கல்வி சார்ந்த காரணம் ஏதுமில்லை. அரசு தன் பொறுப்பை இறக்கிவைத்ததும், பிறர் அதனை வாணிகமாக எடுத்துக்கொண்டதுமே காரணம்.

தொழிற்படிப்பா? கலைப்படிப்பா?

இன்னொரு சூழ்ச்சியும் உண்டு. மாணவரைச் சேர்க்கும்போது ‘இது வெறும் கலைப்படிப்பன்று, தொழிற்படிப்பு’ என்று கல்லூரிகள் முழங்குகின்றன. அதனை நம்பிப் பெற்றோர் கடன் வாங்குகின்றனர். ஆனால் தொழிற்படிப்புக்குரிய சலுகை எங்கே என்று கேட்டால், ‘இது கலைப்படிப்பு’ என்று விடை வருகிறது.

குடும்பத்தின் முதற்பட்டதாரி மாணவர்க்கு 2010–11 முதல் தமிழ்நாட்டரசு வழங்கும் கற்பிப்புக் கட்டணச் சலுகை பொறியியல், மருத்துவம் முதலான தொழிற்படிப்புகளுக்கே உரியது. அரசுப் பள்ளியில் பயின்றோர்க்கு 7.5 விழுக்காடு முன்னுரிமை வழங்கும் 2021ஆம் ஆண்டுச் சட்டம் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகியவற்றைத் தழுவுகிறது; அவ்வழிச் சேர்வோரின் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அப் பட்டியலில் குமுகாயப் பணி இல்லை. பொறி செய்பவனுக்கு உள்ள மதிப்பு மாந்தனைக் காப்பவனுக்கு இல்லையா? விலை வாங்கும்போது தொழில், சலுகை கேட்கும்போது கலை என்னும் இரட்டை நாக்கை இனியும் பொறுப்பதற்கில்லை.

இருக்கும் உதவிகளை மறைப்பது நேர்மையன்று. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்கு வரும் பெண்களுக்குத் திங்கள்தோறும் 1,000 உரூபா வழங்கும் புதுமைப்பெண் திட்டம் 2022இலும், ஆண்களுக்கான தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024இலும் தொடங்கப்பெற்றன. பட்டியல் வகுப்பு, பழங்குடி மாணவர்க்கு வருமான வரம்புக்குட்பட்டு உதவித்தொகையும் உண்டு. இவையெல்லாம் வரவேற்கத்தக்கனவே. ஆயினும் ஆண்டுக்கு 12,000 உரூபா ஒரு கையால் வந்து, தன்நிதிக் கட்டணமாக மறுகையால் போய்விடின், அவ்வுதவி மாணவன் வீட்டுக்குச் சென்றதா, கல்லூரிக் கருவூலத்துக்குச் சென்றதா என்பதை எண்ணுக.

களத்தில் கொடுக்கும் விலை

குமுகாயப் பணி மாணவர் கிழமைக்கு இரு நாள் களத்துக்குச் செல்வது பொது வழக்கம். மருத்துவமனை, குழந்தைகள் இல்லம், குடிசைப் பகுதி, தொண்டு நிறுவனம் எனக் களம் எதுவாகவும் இருக்கலாம். ஆண்டுக்கு 30 கிழமை என்று கொண்டாலும் மூன்றாண்டில் 180 நாள் ஆகிறது. பேருந்துக்கும் உணவுக்கும் நாளொன்றுக்கு 80 உரூபா என வைத்துக்கொண்டால் 14,400 உரூபா. வேறு கலைப்படிப்பு கற்கும் ஏழை மாணவன் ஒருவேளைக் கல்லூரி முடித்து, மறுவேளை கடையிலோ பட்டறையிலோ நின்று 200 உரூபா ஈட்டுகிறான் எனக் கொள்க. களநாள் முழுநாள் ஆதலின் குமுகாயப் பணி மாணவனுக்கு அவ்வருவாய் இல்லை. 180 நாளுக்கு 36,000 உரூபா இழப்பு. இரண்டையும் கூட்டினால் 50,400 உரூபா. சிற்றூர் முகாம், பயணக் கல்வி, அறிக்கை தட்டெழுதி அச்சிடும் செலவு ஆகியவை தனி. இத் தொகையில் ஒரு காசும் எந்தக் கட்டணப் பட்டியலிலும் அச்சிடப்பெறுவதில்லை.

நகரப் பேருந்துகளில் மகளிர்க்கு 2021 முதல் கட்டணமில்லாப் பயணம் கிடைத்திருப்பதால் மாணவியர் சுமை ஓரளவு குறைந்துள்ளது. மாணவர்க்கும், ஊர்விட்டு ஊர் செல்லும் மாணவியர்க்கும் சுமை அப்படியே இருக்கிறது. மாணவர் உழைப்பை நிறுவனங்கள் கூலியின்றிப் பெறுகின்றன. கல்லூரி அவ்வுழைப்புக்கு மதிப்பெண் இடுகிறது. செலவை மட்டும் மாணவன் ஏற்கிறான். தொலைநிலைக் கல்வியில் சேர்ந்தால் கட்டணம் குறையும் என்பார் உளர். இந்திராகாந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் போன்றவை இப் பட்டத்தை வழங்குவது உண்மையே. அங்கும் களப்பணி உண்டு. களப்பணிக்குரிய பயணமும் நாள் இழப்பும் அங்கும் உண்டு.

இவ்வளவும் கொடுத்துப் பட்டம் பெற்றவர்க்குக் கிடைப்பது என்ன? குழந்தைகள் பாதுகாப்புக்கென நடுவணரசு நடத்தும் மிசன் வாத்சல்யா திட்டத்தில், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் குமுகாயப் பணியாளர்க்குத் திங்களுக்கு 18,536 உரூபா தொகுப்பூதியம் வகுக்கப்பெற்றுள்ளது. நிலையான பணியன்று; ஒப்பந்தப் பணி. கடன் வாங்கிப் படித்தவன் அதில் எதை வட்டிக்குக் கொடுப்பான், எதை வீட்டுக்குக் கொடுப்பான்?

மொழிக்குக் கொடுக்கும் விலை

யாவற்றினும் கொடியது மொழிக்குக் கொடுக்கும் விலை. இப் படிப்பு தமிழ்நாட்டில் பெரும்பாலும் ஆங்கில வழியிலேயே நடைபெறுகிறது. பன்னிரண்டாண்டு தமிழில் கற்றுவந்த மாணவன் முதலாண்டிலேயே தடுமாறுகிறான். அறிவில் குறையுடையவன் என்று தன்னைத் தானே எண்ணிக்கொள்கிறான். தேர்வில் தவறினால் மறுதேர்வுக் கட்டணம். அதிலும் தவறினால் ஓராண்டு இழப்பு. இவையும் பணமாகவே முடிகின்றன.

களத்தில் நடப்பதையோ கேட்க வேண்டா. குடிசை வாயிலில் அமர்ந்து ஒரு தாய், ‘புள்ள ரெண்டு நாளாச் சோறு திங்கலய்யா, அப்பன் அடிச்சதுலேருந்து பேசவே மாட்டேங்குது’ என்று தமிழில் கதறுகிறாள். மாணவன் தமிழில் கேட்கிறான். தமிழில் கண்ணீர் உகுக்கிறான். பின்னர் அறைக்கு வந்து, அகராதியைப் புரட்டி, ஒட்டாத ஆங்கிலத்தில் அறிக்கை எழுதுகிறான். அந்தத் தாயின் துயரம் அவ்வறிக்கையில் இருப்பதில்லை. ஆங்கிலப் பாடநூலிலிருந்து எடுத்த நான்கு சொற்றொடர்கள் இருக்கின்றன. ஆசிரியர் திருத்துவதும் ஆங்கில இலக்கணத்தையே. துயருற்றவளும் தமிழ், துணைநிற்பவனும் தமிழ், இடையில் நிற்கும் ஏடு மட்டும் ஏன் ஆங்கிலம்? அச் சிறுவன் ஏன் பேசவில்லை என்பதை ஆராய வேண்டிய பொழுது ஆங்கில வினைமுற்றை ஆராய்வதில் கழிகிறது. அந்தத் தாய்க்கும் அது விலையே.

இன்னும் ஓர் இழப்பு உண்டு. பலர் அதனை அறியார். தமிழ்வழியில் பயின்றோர்க்கு அரசுப் பணிகளில் 20 விழுக்காடு முன்னுரிமை வழங்கும் சட்டம் 2010இல் இயற்றப்பெற்றது. பள்ளிக் கல்வி தொட்டுப் பணிக்குரிய கல்வித்தகுதி வரை தமிழிலேயே கற்றிருக்க வேண்டும் என 2020இல் அது திருத்தப்பெற்றது. பள்ளியில் பன்னிரண்டாண்டு தமிழில் கற்ற மாணவன் ஆங்கிலவழிக் குமுகாயப் பணிப் பட்டத்தில் சேர்ந்தால், பட்டத்தகுதி கேட்கும் பணிகளுக்கு அம் முன்னுரிமையை இழக்கிறான். வாழ்நாள் முழுதும் பயன்தரத்தக்க உரிமையைச் சேர்க்கை நாளிலேயே கையொப்பமிட்டுக் கொடுத்துவிடுகிறான். எந்தக் கட்டணப் பட்டியல் இதனை அவனுக்குச் சொல்லிற்று?

எதிர்ப்போர் கூற்று

‘தமிழில் நூல் இல்லை’ என்பார் முதலில் வருவர். 1960களிலும் 1970களிலும் தமிழ் வெளியீட்டுக் கழகமும் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனமும் கல்லூரிக்குரிய நூல்கள் பலவற்றைத் தமிழில் கொணர்ந்தன. 2010இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டட, எந்திரப் பொறியியலையே தமிழ்வழியில் தொடங்கிற்று. பாலம் கட்டும் கல்வி தமிழில் இயலும். குடும்பத்தைக் கட்டும் கல்வி தமிழில் இயலாதோ? ‘கேசு ஒர்க்கு’ என்பதைத் தனியர் நலப்பணி என்றும், ‘குரூப் ஒர்க்கு’ என்பதைக் குழுநலப் பணி என்றும், ‘கவுன்சிலிங்கு’ என்பதை ஆற்றுப்படுத்தல் என்றும் சொன்னால் எவர்க்கு விளங்காது? ஆற்றுப்படை பாடிய மொழிக்கு ஆற்றுப்படுத்தத் தெரியாது என்பது அறியாமை.

‘ஆங்கிலமின்றி வெளிநாட்டு வேலை கிடைக்காது’ என்பார் அடுத்து வருவர். ஆங்கிலத்தை மொழிப்பாடமாக நன்கு கற்பிக்கட்டும், எவரும் தடுக்கவில்லை. வெளிநாடு செல்லும் சிலர்க்காக உள்ளூரில் பணிசெய்யும் பலரையும், அவர்களிடம் உதவி நாடி வரும் ஏழையரையும் பலியிடுவதே தவறு.

‘அரசிடம் பணமில்லை’ என்பார் இறுதியில் வருவர். ஆய்வகமும் பொறியும் வேண்டாத படிப்புக்குப் பணமில்லை என்பது, விருந்துக்குப் பணமுண்டு, தண்ணீர்ப் பந்தலுக்கு இல்லை என்பதை ஒக்கும்.

வேண்டுவன

ஒன்று, மாவட்டத்துக்கு ஓர் அரசு கலைக் கல்லூரியிலேனும் இளநிலைக் குமுகாயப் பணி தமிழ்வழியில் தொடங்கப்பெற வேண்டும்.

இரண்டு, முதற்பட்டதாரிச் சலுகையும் அரசுப் பள்ளி மாணவர் முன்னுரிமைச் சட்டமும் இப் படிப்புக்கும் நீட்டிக்கப்பெற வேண்டும்.

மூன்று, களப்பயிற்சி நாள்தோறும் மாணவர்க்குப் படித்தொகை வழங்கப்பெற வேண்டும். ஆத்திரேலியா செய்ததைத் தமிழ்நாடு தன் அளவில் செய்ய இயலும்.

நான்கு, தமிழ்வழிப் பாடநூல்களையும் கள அறிக்கைப் படிவங்களையும் அரசே வெளியிட வேண்டும். ஆங்கிலவழிக் கல்லூரிகளிலும் கள அறிக்கையைத் தமிழில் எழுத உரிமை வேண்டும்.

ஐந்து, கற்பிப்புக் கட்டணம், தேர்வுக் கட்டணம், முகாம், பயணக் கல்வி, களச் செலவு, பயிற்றுமொழி ஆகிய அனைத்தையும் சேர்க்கைக்கு முன்பே ஒரே தாளில் வெளியிடக் கல்லூரிகள் கட்டாயப்படுத்தப்பெற வேண்டும்.

அதுவரை பெற்றோர் செய்யத்தக்கது ஒன்றுண்டு. கல்லூரி வாயிலில் ‘ஆண்டுக்கு எவ்வளவு?’ என்று மட்டும் கேட்டுத் திரும்பற்க. உதவிபெறும் பிரிவா, தன்நிதிப் பிரிவா? களம் எத்துணைத் தொலைவு? பயணப்படி யார் தருவர்? முகாமுக்கு எவ்வளவு? பயிற்றுமொழி எது? தமிழ்வழிச் சான்று கிடைக்குமா? இவ்வாறு வினாக்களையும் கேட்டு, விடையை எழுத்தில் பெறுக. ஒரு பெற்றோர் கேட்டால் எழுத்தர் சினப்பார். நூறு பெற்றோர் கேட்டால் கல்லூரி விடை சொல்லும். ஊர்தோறும் கேட்டால் அரசு விடை சொல்லும்.

பசியறிந்தவன்தான் பசித்தவனின் முகக்குறி அறிவான். குடிசையில் பிறந்து, அத் தாயின் மொழியையே தன் தாயின் மொழியாகக் கொண்டு வளர்ந்த பிள்ளையே அவளுக்குத் தகுந்த துணை. அப் பிள்ளையைப் பணத்தாலும் மொழியாலும் வெளியே நிறுத்திவிட்டு, ஏழைக்குத் தொண்டு செய்கிறோம் என்று பட்டமளிப்பு விழா நடத்துவது தொண்டன்று. அக் கதவைத் தமிழர் தட்டட்டும். திறக்கும் வரை தட்டட்டும்.